செட் ஆகட்டும்

“யாரும் ஃப்ரிட்ஜைத் தொறக்காதீங்க. உள்ள செட் ஆயிக்கிட்டு இருக்கு.”

இந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு ஆளை விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அது அண்ணியாக இருக்கும், நாத்தனாராக இருக்கும், போன தை மாதம் வந்த மருமகளாகக்கூட இருக்கும். நான் பேச்சு வசதிக்காகச் சித்தி என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அரியலூரில் ஒரு சித்தி உண்டு என்பது நிஜம்தான். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

சித்தி செய்வது புட்டிங். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் பாலில் நனைத்த மேரி பிஸ்கட் ஒரு வரிசை, அதன்மேல் மஞ்சளாகக் கஸ்டர்ட், மறுபடி பிஸ்கட், அதற்கும் மேலே ரோஸ் நிறத்தில் கடல்பாசி, உச்சியில் உடைத்த முந்திரி. முந்திரி நம்மூர்ச் சரக்கு, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துத் தோப்புகளில் விளைந்தது. பிஸ்கட்டும் கஸ்டர்டும் சீமைச் சரக்கு. 1874-இல் ரஷ்ய அரசகுமாரி மரியா இங்கிலாந்து அரண்மனைக்கு மருமகளாக வந்தபோது லண்டன் கம்பெனி ஒன்று அவர் பெயரில் போட்டதுதான் மேரி பிஸ்கட். கஸ்டர்ட் பவுடர் அதற்கும் மூத்தது. 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று முட்டைக்குப் பதில் சோளமாவைப் போட்டுச் செய்தது. பெண்டாட்டிக்கு ஆகாத ஒன்றுக்காக ஒரு மனிதர் புதுப் பொருளையே கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் சித்தப்பாவுக்கோ ‘இந்த வாரம் புட்டிங் வேண்டாமே’ என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. எங்கள் சித்தப்பா என்றால், பொதுவாக எல்லாச் சித்தப்பாக்களும்.

“ஒண்ணுமே வேலை இல்லடா தம்பி. ஓவன் வேணாம், அடுப்பு வேணாம். அடுக்கி உள்ள வச்சா முடிஞ்சுது” என்றுதான் ஆரம்பிப்பார். அடுப்பு வேண்டாத இந்தப் பண்டத்துக்காகக் காலை ஏழு மணிக்கே ஒரு பர்னரில் இரண்டு லிட்டர் பால் சுண்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் கடல்பாசி கொதிக்கும். கஸ்டர்டைக் கட்டி தட்டாமல் கிளற ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆள் பெரும்பாலும் நான். “கையை நிறுத்தாதடா, அடி பிடிச்சிரும்.” முந்திரி வறுக்க இடமில்லாமல் கொல்லைப்புறத்து விறகடுப்பைப் பற்றவைத்த நாளும் உண்டு. மதியச் சாப்பாடு? ஒண்ணுமே வேலை இல்லாத நாள் என்பதால் அன்றைக்குக் கடையில் வாங்கிய தயிர்சாதம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் புகார் ஃப்ரிட்ஜைப் பற்றியது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ். இரண்டு நாளுக்கு அரைத்த தோசை மாவு, உறைத் தயிர், நேற்றைய வத்தக்குழம்பு, வாழை இலையில் மடித்த மல்லிகைப் பூ, பாதி எலுமிச்சம்பழம், யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு சின்ன டப்பா. சித்தி பெரம்பலூர் வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்கும் முதல் கேள்வி, “ஃப்ரிட்ஜுல எடம் இருக்கா?” என்பதுதான். இல்லை என்று சொன்னாலும் இடம் உண்டாகும். மாவு வெளியே போகும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் மாவு வெளியே நின்றால் என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள் மூடியைத் தூக்கிக்கொண்டு அதுவே எட்டிப் பார்க்கும். தயிர், மோராகி, அதற்கு மேலும் ஆகும். பூ வாடி, அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

பாத்திரம் உயரமானது. ஆகவே நடுத்தட்டைக் கழற்ற வேண்டும். ஃப்ரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதாம்; சாய்ந்தால் லேயரும் சாயும். அதற்காக அரியலூரிலிருந்தே சித்தப்பாவின் ரசமட்டத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கொத்தனார் சுவர் எழுப்பும்போது வைத்துப் பார்ப்பாரே, அதே ரசமட்டம். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை நான் ஃப்ரிட்ஜின் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அடியில் அட்டையை மடித்து மடித்துச் செருகினாள்.

அதன்பிறகு கதவு சாத்தப்படும். வீட்டில் ஊரடங்கு.

தண்ணீர் பாட்டிலுக்காகக்கூடக் கதவைத் தொடக் கூடாது. “சூடு உள்ள போயிரும்.” குழந்தைக்குப் பால் வேண்டுமா, பக்கத்து வீட்டில் கேள். பக்கத்து வீட்டில் ஆள் இல்லையா, கடைக்குப் போ. இப்படி உத்தரவு போட்டவர் யாரோ அவரே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறப்பார். “தொறந்து பாத்தாத்தானேடா செட் ஆச்சான்னு தெரியும்?” கதவு திறந்ததும் உள்ளே லைட் எரியும். அந்த வெளிச்சம் விழும் சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பகிருகத்தில் தீபாராதனை பார்க்கிறவர் முகம். பாத்திரத்தை ஒரு விரற்கடை சாய்ப்பார். மேற்பரப்பு லேசாக நடுங்கும். “இன்னும் கொஞ்சம்.” சாத்துவார். அடுத்த தடவை சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பார். அதற்கடுத்த தடவை பல்குத்தும் குச்சி. குத்திய இடத்தில் ஓட்டை விழும். ஓட்டை தெரியாமல் அதன்மேல் ஒரு முந்திரி வைப்பார். ஆகவே சித்தியின் புட்டிங்கில் முந்திரி அலங்காரத்துக்கு இல்லை. மேலே பதினாறு முந்திரி இருந்தால் பதினாறு முறை சோதனை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சித்திக்கு நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டாம், பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்புப் போதும். மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, இன்னின்ன பகுதிகள். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு விசேஷத்தையே ஒருமுறை தள்ளிவைக்கச் சொன்னார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமென்ட் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையே செட் ஆச்சா என்று பார்ப்பது. விகாட் கருவி என்று ஒன்று; முன்னூறு கிராம் எடை தாங்கிய ஊசியைக் குழைத்த சிமென்ட்டில் இறக்கி, எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கணக்கெடுப்பார்கள். சாதாரணப் போர்ட்லண்ட் சிமென்ட் முப்பது நிமிடத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது, அறுநூறு நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் அப்படி. ஒருநாள் காலையில் சித்தி ஃப்ரிட்ஜின் முன்னால் கவலையோடு நிற்க, சித்தப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“ராத்திரி எட்டு மணிக்கு வச்ச. இப்ப ஆறு. அறுநூறு நிமிஷம் முடிஞ்சுது. இது சிமென்ட்டா இருந்தா மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.”

“சிமென்ட்டைத் திங்க முடியுமாங்க?”

சித்தப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். முப்பத்தைந்து வருட இல்லறம் அவரைத் தடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ஜிப்சம் கூடிப்போச்சோ என்னமோ” என்று மட்டும் பேப்பருக்குச் சொன்னார். சிமென்ட் அவசரப்பட்டு இறுகிவிடாமல் இருக்க ஜிப்சம் சேர்ப்பார்கள்.

அன்றைக்கு உண்மையில் கூடிப்போனது அன்னாசி. கொல்லிமலைப் பழம், நல்ல வாசனை, கிடைக்கிற காலத்தில் விடக் கூடாது என்று பச்சையாகவே நறுக்கிப் போட்டிருந்தார். அந்த வாரம் கடல்பாசி கிடைக்காமல் ஜெலட்டின். ஜெலட்டின் என்பது புரதம். பச்சை அன்னாசியில் இருக்கும் நொதி புரதத்தை அறுத்துப் போட்டுவிடும். அறுநூறு நிமிடம் அல்ல, அறுநூறு நாள் வைத்தாலும் இறுகாது. பழத்தை ஒரு கொதி விட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். கடல்பாசியாக இருந்தால் பச்சைப் பழமே போடலாம், அது புரதம் இல்லை. இதை நான் மறுநாள் படித்துத் தெரிந்துகொண்டு சொன்னபோது, “அதெல்லாம் இல்ல, நீங்க கதவைத் தொறந்து தொறந்து பாத்தீங்க” என்று தீர்ப்பு வந்தது. அன்றைய புட்டிங் டம்ளரில் ஊற்றிக் குடிக்கப்பட்டது. ‘அன்னாசி மில்க் ஷேக்’ என்று பெயரும் சூட்டப்பட்டது.

கடல்பாசி என்றதும் எனக்கு லெப்பைக்குடிகாட்டு நண்பர் வீடுதான் ஞாபகம் வரும். வெள்ளாற்றங்கரை ஊர். நோன்புக் காலத்தில் போயிருக்கிறேன். கடல்பாசியைக் காய்ச்சிப் பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். யாரும் காவல் நிற்கவில்லை. பாங்கு சொன்னது, நோன்பு திறந்தார்கள், கஞ்சி வந்தது, பின்னாலேயே டைமண்டு டைமண்டாக வெட்டிய கடல்பாசி வந்தது. வாயில் வைத்தால் கரைந்தது. அந்த வீட்டு அம்மா, “செட் ஆச்சா தம்பி?” என்று கேட்கவே இல்லை. ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஏனென்றால் கடல்பாசிக்கு ஃப்ரிட்ஜே அவசியமில்லை. கொதிக்கவைத்து இறக்கினால் நாற்பது டிகிரிக்குக் கீழே வந்ததும் தானாக இறுகிவிடும். அப்புறம் அதை உருக்க எண்பத்தைந்து டிகிரி வரை சூடேற்ற வேண்டும். இந்தக் குணத்துக்காகத்தான் 1881-இல் ஜெர்மனியில் அது சமையலறையை விட்டு ஆய்வகத்துக்குப் போனது. வால்தர் ஹெஸ்ஸே என்பவர் கிருமி வளர்க்கத் தட்டுகளில் ஜெலட்டின் ஊற்றிவைப்பார்; கோடையில் அது உருகிப் போகும். ‘உன் புட்டிங் மட்டும் வெயிலில் எப்படி நிற்கிறது?’ என்று மனைவி ஃபேனியைக் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டைவீட்டாரிடம் ஃபேனி கற்றுவைத்திருந்த அகர் என்ற இதே கடல்பாசிதான் காரணம். அதையே தட்டிலும் ஊற்றினார்கள். மறுவருடம் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரையும் குறிப்பிட்டார். இன்றைக்கும் உலகத்து ஆய்வகங்களில் கிருமி வளர்வது அதன்மேல்தான்.

இவ்வளவையும் சித்தியிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து விளக்கினேன். என் நோக்கம் எளிமையானது: ஃப்ரிட்ஜை விடுவிப்பது. சித்தி கவனமாகக் கேட்டார்.

“கஸ்டர்டு பால் கெட்டுப்போச்சுன்னா?” என்றார் முதலில். அது நியாயம்தான். அடுத்து, “அந்த டாக்டரு எழுதுனதுல ஃபேனி பேரைப் போட்டாரா?” என்றார்.

“இல்ல சித்தி. அகர்னு மட்டும்தான் போட்டாரு.”

“பாத்தியா? செஞ்சவ பேரைச் சொல்ல மாட்டானுங்க.”

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி முடிந்து எழுந்தவர்கள் எல்லோரும் பிரியாணியை யார் செய்தது என்று சமையல்காரரைத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். புட்டிங்கை வழித்துத் தின்றுவிட்டு, “ஐஸ்கிரீம் நல்லா இருந்துச்சு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதனால்தானோ என்னவோ, லேயர் தெரிகிறதா என்று எல்லோரையும் பார்க்க வைப்பார். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பாத்திரம் மேசை விளிம்பில் இருக்கும், விருந்தாளி தரையில் மண்டிபோட வேண்டும். மூட்டுவலிக்காரர் என்றாலும் விலக்கு இல்லை. “லேயர் தெரியுதா? நாலு. எண்ணுங்க.” அடுக்குக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? காரைக்குப் போனால் பத்துக் கோடி வருடத்துக்கு முந்திய கடலடி மண் வரிவரியாக நிற்கிறது, நடுவில் ஜிப்சம் கோடு பளபளக்க. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் மரம் அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது. அதுவும் அடுப்பில்லாமல், ஓவன் இல்லாமல் செட் ஆனதுதான். நான்கு லேயரை எண்ணிவிட்டேன் சித்தி, எழுந்துகொள்ளட்டுமா?

சித்தி அரியலூரிலேயே புட்டிங் செய்து எடுத்துவரும் நாட்களின் பஸ் பயணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் ரயில் உண்டு, ஆனால் அது எங்களிடம் வராது. முப்பது கிலோமீட்டரும் பஸ்தான். மடியில் புட்டிங், புட்டிங்குக்கு மேல் ஈரத்துண்டு, துண்டுக்கு மேல் சித்தியின் இரண்டு கை. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், “டிரைவர் தம்பி, மெதுவாப்பா!” என்ற சத்தம். கண்டக்டர் ஒருவர் அதைக் கைக்குழந்தை என்று நினைத்து முன்சீட்டு வாங்கிக்கொடுத்தார். சித்தி திருத்தவில்லை.

சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? நன்றாக இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல். ராத்திரி முழுக்கப் பாலில் ஊறிய மேரி பிஸ்கட் கேக்காகவே மாறியிருக்கும். கரண்டி இறங்கும்போது ஒரு சின்னத் தடை, அப்புறம் வழுக்கிக்கொண்டு அடிவரை. சிமென்ட் தூசியும் அனலுமாக வெளியே மத்தியானம் எரியும்போது அந்த ஒரு வாய் தொண்டையில் இறங்கினால், எதிரியைக்கூட மன்னித்துவிடலாம். சித்தி சாப்பிட மாட்டார். எதிரில் நின்று நம் வாயைப் பார்ப்பார். முதல் கரண்டி போய், நாம் தலையை ஆட்டியதும் அடுப்படிக்குப் போய்ப் பழைய சோறும் மாவடுவும் எடுத்து உட்காருவார். அவருக்கு இனிப்பு பிடிக்காது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம், சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. பல வருடமாக இன்சுலின் போடுகிறார். பிரிக்காத இன்சுலின் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். போன சித்திரையில் சித்தி வந்தபோது கதவுப் பக்கத்தில் கண்டென்ஸ்டு மில்க், கிரீம், ரோஸ் எசன்ஸ் வைக்க வேண்டியிருந்தது. டப்பா ஜன்னல் திட்டுக்குப் போனது. மேற்குப் பார்த்த ஜன்னல். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் நான்தான் பார்த்தேன். டப்பா கையில் சுட்டது. மருந்துக்கடைக்காரர் தூக்கிப் போடுங்கள் என்றார். பணம் போகட்டும். அதைப் போட்டுக்கொண்டிருந்தால்?

அம்மாவிடம் சத்தம் போட்டேன். “அவகிட்டச் சொல்லாதடா. வேணும்னா செஞ்சா? மனசு ஒடஞ்சிருவா” என்றார். அந்த இரண்டு நாளில் அம்மா தங்கை செய்ததாயிற்றே என்று மூன்று கரண்டி புட்டிங் வேறு சாப்பிட்டிருந்தார். சித்தி அதில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டதாகச் சொன்னாராம். கண்டென்ஸ்டு மில்க்கில் பாதிக்குப் பாதி சர்க்கரைதான் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது, அல்லது தெரியும்.

ஆமாம், எங்கள் சித்திதான். இத்தனை நேரம் பொதுவாகச் சொன்னேன் என்று நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் பாப்பாவுக்குக் காதுகுத்து. மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். எங்கள் ஃப்ரிட்ஜ் இந்த வாரம் அதுவும் திறக்காது. புதன்கிழமை காலையிலேயே வருவதாகச் சித்தி போன் செய்துவிட்டார். இந்தத் தடவை ஐந்து லேயராம். ஆகவே, எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி செய்ய வேண்டும். புதன் முதல் சனி வரை இரண்டு இன்சுலின் பேனாவுக்கு உங்கள் ஃப்ரிட்ஜில் இடம் வேண்டும். கதவுப் பக்கம் முட்டை வைக்கும் குழியே போதும். ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்துவிட்டால் அது உதவாது.